மதிலும் மடலும்

முன்னுரை

அயல்நாடு சென்று பயிலும் மாணவனுக்கு வார நாள்கள் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. சனியும் ஞாயிறுமே அவனுக்கு உரியவை. அவ்விரு நாள்களையும் உறக்கத்திலும் சமையலிலும் கழிப்போர் உளர். ஊர் காணப் புறப்படுவோரும் உளர். ஊர் காணச் செல்வோருள்ளும் பழங்கால இடிபாடுகளின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரே மிகப் பலர். நானும் முதலில் அவ்வாறே திரும்பியவன்தான்.

2016ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் அமைந்த நியூகாசில் நகருக்கு முதுகலைப் படிப்பின் பொருட்டுச் சென்றேன். சென்ற இரண்டாம் வாரமே மெட்ரோ ரயிலேறி வால்ஸெண்டு என்னும் இடத்துக்குப் போனேன். ‘மதில் முடியும் இடம்’ என்பது அப்பெயரின் பொருள். ரோமானியர் கட்டிய புகழ்பெற்ற ஹேட்ரியன் மதிலின் கீழ்க்கோடி அதுவே. ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தோடு லத்தீன் மொழியிலும் எழுதப்பட்டிருந்தமை வியப்பளித்தது. ஆயினும் கோட்டை வளாகத்தில் நான் கண்டவை பெரும்பாலும் தாழ்ந்த அடிக்கற்களே. அங்குள்ள 35 மீட்டர் உயரக் காட்சிக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன்; தரையில் கோடு கிழித்தாற்போல் ஒரு கோட்டையின் வரைபடம் தெரிந்தது. நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன்.

மறுநாள் எம் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் என் ஏமாற்றத்தைக் கூறினேன். அவர் புன்னகைத்து, “கல்லைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அக்கல்லின் அருகே வாழ்ந்தவர்கள் எழுதியதை வாசித்துவிட்டு மீண்டும் செல்லுங்கள்” என்றார். அவ்வோராண்டில் என் வார இறுதிகளின் போக்கை மாற்றியது அச்சொல்லே. அதனால் நான் பெற்ற பயனை, மொழி பயிலும் நம் கல்லூரி மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிலின் அமைப்பு

முதலில் மதிலைப் பற்றிச் சிறிது காண்போம். கி.பி. 122ஆம் ஆண்டு பிரித்தானியாவுக்கு வந்த ரோமப் பேரரசர் ஹேட்ரியன், தம் பேரரசின் வடவெல்லையில் இம்மதிலை எழுப்பப் பணித்தார். கிழக்கே டைன் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே சோல்வே கழிமுகம் வரை, ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளத்துக்கு அது தீவின் குறுக்கே சென்றது. கீழைப்பகுதி கல்லாலும் மேலைப்பகுதி தொடக்கத்தில் புல்மண் கட்டிகளாலும் கட்டப்பட்டது. ஒரு ரோமானிய மைலுக்கு ஒரு சிறுகோட்டையும், இரு சிறுகோட்டைகளுக்கு இடையே இரண்டு காவற்கோபுரங்களும் அமைக்கப்பட்டன. கட்டியவை மூன்று லீஜியன் படைகள்; காத்தவையோ பேரரசின் பல நாடுகளிலிருந்தும் திரட்டப்பட்ட துணைப்படைகள். 1987ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இம்மதிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இச்செய்திகள் யாவும் ஒரு பேரரசனின் ஆணையை நமக்கு அறிவிக்கின்றன. அவ்வாணைக்கு உட்பட்டு அக்குளிரில் நின்ற மனிதன் யார்? அவன் என்ன உண்டான், யாரை நினைத்தான்? இவற்றை மதில் நமக்குச் சொல்வதில்லை. அதற்கு வேறு சான்று வேண்டும்.

விண்டோலாண்டா மடல்கள்

அச்சான்று கிடைத்த இடம் விண்டோலாண்டா. நியூகாசிலுக்கு மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், மதிலுக்குச் சற்றுத் தெற்கே அமைந்த கோட்டை அது, மதிலினும் முற்பட்டது. இளவேனிற்காலத்து ஒரு சனிக்கிழமை காலை, ஹெக்ஸம் வரை ரயிலிலும் பின்னர்ப் பேருந்திலும் சென்றேன். மதில் வழியே செல்லும் அப்பேருந்துக்கு ‘ஏ.டி. 122’ என்று, மதில் தொடங்கிய ஆண்டையே எண்ணாக இட்டிருக்கின்றனர்.

அங்கே அகழாய்வு ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நான் சென்ற அன்று, பணி ஓய்வுபெற்ற முதியோர் பலர் தன்னார்வலராக வந்து, சேற்றில் மண்டியிட்டுச் சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தனர். 1973ஆம் ஆண்டு அத்தகைய சேற்றிலேதான் தொல்லியலாளர் ராபின் பர்லி, மரச்சீவல் போன்ற மெல்லிய துண்டுகளைக் கண்டெடுத்தார். ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மையெழுத்து இருந்தது. ஓரஞ்சலட்டை அளவும், ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் கனமும் உடைய மர மடல்கள் அவை. நம் ஓலைச்சுவடி எழுத்தாணியால் கீறி எழுதப்பட்டது. இம்மடல்களோ கரிமையால் எழுதப்பட்டவை. காற்றுப் புகாத ஈரமண்ணில் புதைந்திருந்தமையால் பத்தொன்பது நூற்றாண்டுகள் மக்காமல் இருந்தன. கண்ணுக்குப் புலப்படாத எழுத்துகள் அகச்சிவப்பு ஒளிப்படத்தில் தெளிந்தன. இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடல்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; சில விண்டோலாண்டாவிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

இம்மடல்களில் இருப்பவை பெரும்போர்ச் செய்திகள் அல்ல. ஒன்று படையின் ஆள்கணக்கு. துங்ரியர் முதற்படையில் 752 பேர். அவருள் 456 பேர் வெளியூர்ப் பணியில் உள்ளனர். எஞ்சிய 296 பேரில் 31 பேர் பணிக்குத் தகுதியற்றவர். அந்த 31 பேரையும் கணக்கர் வகைப்படுத்துகிறார்: நோயுற்றோர் 15, காயமுற்றோர் 6, கண்ணோய் உற்றோர் 10. பேரரசின் வலிமையைப் பேசும் வரலாற்று நூல்கள், எல்லையைக் காத்தவருள் பத்துப் பேர் கண்ணோயால் படுத்திருந்ததைச் சொல்வதில்லை. மற்றொரு மடல், யாரோ ஒருவருக்குக் காலுறைகளும் இரண்டு இணைச் செருப்புகளும் உள்ளாடைகளும் அனுப்பியதைத் தெரிவிக்கிறது. குளிர் நாட்டில் முதல் பனிக்காலத்தைக் கழித்திருந்த எனக்கு அம்மடலின் பொருள் உரையின்றியே விளங்கியது.

யாவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது ஒரு பெண்ணின் மடல். ஏறத்தாழ கி.பி. 100இல், அருகிலிருந்த கோட்டைத் தலைவர் ஒருவரின் மனைவியாகிய கிளாடியா செவேரா, விண்டோலாண்டாத் தலைவர் செரியாலிஸின் மனைவி சல்பிசியா லெபிடினாவுக்கு அதனை எழுதினார். செப்டம்பர் 11ஆம் நாள் தம் பிறந்தநாள். அன்று அவசியம் வரவேண்டும். வந்தால் அந்நாள் தமக்கு மேலும் இனிதாகும் என்பது செய்தி. மடலின் பெரும்பகுதி எழுத்தர் ஒருவரின் சீரான கையெழுத்தில் உள்ளது. இறுதியில், சற்றே தடுமாறும் வேறொரு கையெழுத்தில், தம் தோழியை உடன்பிறப்பாக விளித்து அன்பு மொழிகள் சில சேர்க்கப்பட்டுள்ளன. அவ்வரிகளைச் செவேராவே எழுதினார் என்று அறிஞர் கொள்வர். பெண் ஒருவர் தம் கையால் லத்தீனில் எழுதியதாக இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றுள் ஒன்று இதுவாகும்.

அவ்வெழுத்தின் படியைக் கண்டபோது என் உம்மம்மாவின் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. அவர்கள் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தால் தமிழை எழுதும் முறையில், தம் தங்கைக்கு எழுதிய கடிதங்கள் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு கட்டாகக் கிடந்தன. அவற்றை நான் ஒருமுறையும் வாசித்ததில்லை. அயலார் மடலை வாசிக்கக் கடல் கடந்து வந்தவன், சொந்த வீட்டு மடலைப் பிரித்தும் பார்க்கவில்லையே என்ற எண்ணம் அன்று மாலை பேருந்தில் என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

மிளகுக் கணக்கு

தமிழ் மாணவர் சிறப்பாக நோக்கத்தக்க மடல் ஒன்றும் உண்டு. வீரர் பலர் வாங்கிய பொருள்களின் கணக்கு அது. அதில் டாப்போவின் மகன் கம்பாக்ஸ் என்பவன் பெயரில் மிளகு, இரண்டு தெனாரி என்று எழுதப்பட்டுள்ளது. தெனாரி என்பது ரோமானிய வெள்ளிக்காசு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் ரோம அறிஞர், ஒரு ராத்தல் கருமிளகின் விலையை நான்கு தெனாரி என்று குறிக்கிறார். அவ்விலைப்படி கம்பாக்ஸ் வாங்கியது அரை ராத்தல். நம் கணக்கில் ஏறத்தாழ 160 கிராம்.

மழையும் மூடுபனியும் நிறைந்த அவ்வெல்லைக்கு மிளகு எங்கிருந்து வந்தது? அந்நாளில் ரோமருக்கு மிளகு அளித்த தலையாய இடம் சேரநாட்டுக் கடற்கரை. முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. அக்கலங்கள் பருவக்காற்றைத் துணைக்கொண்டு செங்கடலின் எகிப்தியத் துறைகளை அடைந்தன. அங்கிருந்து ஒட்டகத்தின் மீதும் நைல் ஆற்று வழியும் அலெக்சாந்திரியா சென்றது சரக்கு. பின்னர் மத்தியதரைக் கடலையும் கடந்து பேரரசின் நகரங்களில் பரவியது. சங்கப் பாடலில் பொதுவாகப் படித்த வாணிகத்துக்கு, வாங்கியவன் பெயரும் கொடுத்த விலையும் ஒரு மரத்துண்டில் கிடைத்தது. நூலும் தொல்பொருளும் ஒன்றற்கொன்று உரையாக அமைதல் இதுவே அன்றோ!

அர்பீயாவின் இரு கற்கள்

டைன் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்னும் ஊர் உள்ளது. அங்கே மதிலுக்கு உணவும் தளவாடமும் அனுப்பிய அர்பீயாக் கோட்டை இருந்தது. ரோமப் பேரரசின் பிற்காலப் பதவிப் பட்டியல் ஒன்று, அங்கே டைகிரிஸ் ஆற்றுப் படகோட்டிகளின் படைப்பிரிவு ஒன்று தங்கியிருந்ததாகக் கூறுகிறது. டைகிரிஸ் என்பது பாக்தாத் நகரின் ஊடே ஓடும் திஜ்லா நதியே.

இவ்வூருக்கு நான் தனியாகச் செல்லவில்லை. என்னோடு தங்கியிருந்த சிரிய நாட்டு மாணவர் ஒருவரும் உடன்வந்தார். ஹிம்ஸ் நகரத்தவர், அகதியாக வந்து படிப்பைத் தொடர்ந்தவர். கோட்டை அருங்காட்சியகத்தில் இரு கல்லறைக் கற்களைக் கண்டோம். ஒன்று விக்டர் என்பவனுடையது. வட ஆப்பிரிக்க மூர் இனத்தவன். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன். இருபது வயதில் இறந்தவன். அவனை விடுவித்த குதிரை வீரன் நுமேரியானுஸ் அன்போடு அவனை அடக்கம் செய்தான் என்று கல் கூறுகிறது.

மற்றொன்று ரெஜினா என்னும் பெண்ணுடையது. தென் இங்கிலாந்தின் கட்டுவெல்லௌனிக் குடியிற் பிறந்தவள், அடிமையாயிருந்தவள். சிரியாவின் பால்மைரா நகரத்து பராதெஸ் அவளை விடுவித்து மணந்துகொண்டான். முப்பது வயதில் அவள் இறந்தாள். கல்லில் அவள் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். மடியில் நூற்புக் கருவி, ஒருபுறம் கம்பளிக் கூடை, மறுபுறம் நகைப்பெட்டி. முகம் மட்டும் சிதைந்துள்ளது.

கீழே லத்தீனில் சில வரிகள் உள்ளன. அவற்றில் வேற்றுமை உருபுகள் பிழைபட்டுள்ளன. அதன் அடியில் பால்மைரா எழுத்தில், அரமேய மொழியில், ஒரே ஒரு வரி. அதுவோ பிழையற்று ஓடுகிறது. பராதெஸ் விடுவித்த ரெஜினா, அந்தோ என்பதே அவ்வரியின் கருத்து. ஊராருக்குத் தெரியவேண்டியதை ஆட்சிமொழியிலும், தன் துயரைத் தாய்மொழியிலும் அவன் எழுதுவித்தான். அவ்வூரில் அந்த வரியை வாசிக்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும் அவன் எழுதுவித்தான்.

என் நண்பருக்கு அவ்வெழுத்து தெரியாது. ஆனால் ஒலிபெயர்ப்பை வாசித்தபோது அவர் சட்டென நின்றுவிட்டார். விடுதலை பெற்ற பெண்ணைக் குறிக்கும் ‘பத் ஹரி’ என்ற தொடரில், மகள் எனப் பொருள்படும் அரபுச் சொல் ‘பின்த்’தையும், விடுதலையைக் குறிக்கும் ‘ஹுர்ரிய்யா’வையும் அவர் இனங்கண்டார். “சகோதரரே, இஃது எங்கள் ஊர்ப் பேச்சு. பால்மைராவை நாங்கள் தத்மூர் என்போம். பள்ளிச் சிறுவனாயிருந்தபோது அங்கே சுற்றுலா சென்றேன், நான் ஏறி நின்ற கோயில் இப்போது இல்லை” என்றார். பின்பு நெடுநேரம் அவர் பேசவில்லை.

லுஹர் தொழுகைக்கு அவ்வூர் அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்குச் சென்றோம். 1890களிலிருந்து நீராவிக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி தள்ளும் பணியில் வந்து அவ்வூரில் குடியேறிய யமன் நாட்டு மாலுமிகளின் வழித்தோன்றல்கள் தொழும் இடம் அது. 1977ஆம் ஆண்டு குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி தம் மனைவியோடு அப்பள்ளிக்கு வந்து, தம் திருமணத்துக்காக துஆச் செய்வித்ததை இன்றும் அவ்வூரார் பெருமையோடு கூறுகின்றனர். டைகிரிஸ் படகோட்டி வந்த அதே ஆற்றுமுகத்துக்கு, பல நூற்றாண்டுகள் கழித்து ஏடன் மாலுமியும் வந்தான்.

காத்தவரும் அழித்தவரும்

இடிபாடுகள் தாமாக நிலைத்திருப்பதில்லை. ஹேட்ரியன் மதிலின் கற்கள் நெடுங்காலம் பண்ணை வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் பெயர்த்துச் செல்லப்பட்டன. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், 1750களில் படைகள் விரைந்து செல்லச் சாலை அமைத்த அரசே மதிலை நெடுந்தொலைவு தகர்த்து அதன்மேல் சாலை போட்டது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியைக் காத்தவர் நியூகாசில் நகராட்சி எழுத்தராயிருந்த ஜான் கிளேட்டன். மதில் செல்லும் நிலங்களைச் சிறிது சிறிதாகத் தம் பொருளால் வாங்கி, 1890ஆம் ஆண்டு தாம் இறக்குமுன் ஐந்து கோட்டைகளைத் தம் உடைமையாக்கிப் பாதுகாத்தார்.

பால்மைராவைக் காக்க முயன்றவர் கொடுத்த விலையோ பெரிது. காலித் அல்அஸ்அத் என்னும் சிரிய அறிஞர் 1963 முதல் 2003 வரை, நாற்பதாண்டுகள், பால்மைராத் தொல்பொருள் துறைக்குத் தலைவராயிருந்தார். ரெஜினாவின் கல்லில் உள்ள அந்த அரமேய எழுத்தில் துறைபோகியவர் அவர். 2015ஆம் ஆண்டு ஐ.எஸ். பயங்கரவாதிகள் அந்நகரைக் கைப்பற்றியபோது எண்பது வயதைக் கடந்திருந்தார், ஊரைவிட்டுச் செல்லவில்லை. ஆகஸ்டு 18ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். தொல்பொருள்கள் மறைத்துவைக்கப்பட்ட இடத்தைச் சொல்ல மறுத்தமையே காரணம் என்று செய்திகள் கூறின. அம்மாத இறுதிக்குள் பேல் கோயிலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

கல் உடைந்தால் துண்டுகளையேனும் சேர்க்கலாம். அக்கல்லை வாசிக்கத் தெரிந்தவர் மறைந்தால் இழப்பு அதனினும் பெரிது. பராதெஸின் துயரை இன்று நாம் அறிவது, அவ்வெழுத்தைக் கற்ற சிலர் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்தமையால்தான்.

மாணவர் கைக்கொள்ளத்தக்கவை

உயர்கல்விக்காக அயல்நாடு செல்லும் நம் மாணவர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில கூற விரும்புகிறேன்.

1. செல்லுமுன் வாசியுங்கள். ஓரிடத்தைப் பற்றி ஒரு மாலைப்பொழுது நூலகத்தில் செலவிட்டால், அங்கே காணும் ஒவ்வொரு கல்லும் பேசும்.

2. ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். ஐந்து இடங்களை ஓடிக் கண்டவன் பேருந்து நிறுத்தங்களையே நன்கு கண்டவனாவான்.

3. பெரியதைக் கண்டபின் சிறியதைத் தேடுங்கள். கணக்குச் சீட்டு, கல்லறை வரி, குழந்தையின் செருப்பு ஆகியவற்றிலேயே மனிதர் இருக்கின்றனர்.

4. கண்டதை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதுங்கள். படம் கண்டதைக் காட்டும். கருதியதை எழுத்தே காக்கும்.

முடிவுரை

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே தகரப் பெட்டியைத் திறந்தேன். உம்மம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கடிதக் கட்டின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அயல்நாட்டு ஈரமண் பத்தொன்பது நூற்றாண்டுகள் காத்துத் தந்தது. எங்கள் வீட்டுப் பெட்டி நாற்பதாண்டுகள்கூடக் காக்கவில்லை. பெட்டியின்மீது பழிபோட எனக்கு மனம் வரவில்லை. அதனைத் திறக்காதவன் நான்.

எஞ்சியவற்றை எடுத்துக்கொண்டு, அரபுத் தமிழ் அறிந்த எங்கள் தெரு முதியவர் ஒருவரிடம் சென்றேன். “இதை வாசிக்க யாரும் வருவதில்லையே, தம்பி” என்றார் அவர். ஒரு மாதம் நாள்தோறும் மாலையில் கற்பித்தார். ஒன்பது கடிதங்களை வாசித்து முடித்தேன். பெரிய செய்தி எதுவும் அவற்றில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மழை பெய்யவில்லை, பெருநாளைக்கு அவசியம் வரவேண்டும், இவ்வளவே. ஆனால் தம் தங்கையை அவர்கள் விளித்த சொல்லை வாசித்தபோது, செவேராவின் தடுமாறும் வரிகள் என் கண்முன் வந்தன.

எனக்குக் கற்பித்த அம்முதியவர் இன்றில்லை. அவரைப் போன்ற பெரியோர் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கின்றனர். நம் வீடுகளில் திறக்கப்படாத பெட்டிகளும் இருக்கின்றன. மாணவத் தம்பி தங்கையரே! வரும் சனிக்கிழமை ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு அத்தகைய பெரியவர் ஒருவர்முன் சென்று அமருங்கள்.